கடவுச்சொல்லை மாற்றியதும் உள்ளே விடவில்லையா? பாஸ்வேர்ட் மேனேஜர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கடவுச்சொற்களை ஒரே பெட்டகத்தில் சேமித்து, உள்நுழையும்போது நிரப்பித் தரும் பாஸ்வேர்ட் மேனேஜர் மற்ற நாட்களில் தொந்தரவு தராது. ஒரு தளத்தின் கடவுச்சொல்லை மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் சிக்கல் கிளம்பும். தளத்தின் சர்வரில் ஒன்று மாறுகிறது. மேனேஜரின் பெட்டகத்தில் இன்னொன்று மாற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிணைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. நீங்கள் படிவத்தை அனுப்புவதை மேனேஜர் ஓரத்திலிருந்து பார்த்துவிட்டு, கடவுச்சொல் மாறியிருக்கும் என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் தவறினால் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்.

கீழே உள்ளவை பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி, குரோமோடு வரும் மேனேஜர் ஆகிய மூன்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேறு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கும் காரணங்கள் இவையேதான். பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் மூன்று விஷயம். தளத்தில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் டேபை மூடாதீர்கள், லாக்அவுட் செய்யாதீர்கள். மேனேஜரையும் லாக்அவுட் செய்யாதீர்கள்; ஏன் என்பது முதல் அறிகுறியிலேயே புரியும். தவறான கடவுச்சொல்லை இரண்டு தடவைக்கு மேல் போட்டுப் பார்க்காதீர்கள். வங்கித் தளங்கள் மூன்றாவது தவறிலேயே கணக்கைப் பூட்டக்கூடும்.

தளத்தில் மாற்றிவிட்டேன், மேனேஜரில் பழையதுதான் இருக்கிறது

இருப்பவற்றில் மோசமான நிலை இது. மேனேஜர் உருவாக்கிக் கொடுத்த 20 எழுத்துக் குவியலைப் படிவத்தில் போட்டீர்கள், தளம் ‘மாற்றப்பட்டது’ என்றது, மேனேஜர் அதைச் சேமிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குவியல் இன்னும் எங்கோ இருக்க வாய்ப்பு உண்டு. கீழே சொல்லும் வரிசையிலேயே தேடுங்கள், ஏனென்றால் முதலில் வருபவைதான் முதலில் அழியும்.

முதல் இடம், மாற்றிய அந்தப் பக்கம். அது இன்னும் திறந்திருந்து, ‘புதிய கடவுச்சொல்’ பெட்டியில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் வேலை முடிந்தது. கண் குறி இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ போங்கள். வெளிச்சமிட்டுக் காட்டும் வரியில் ‘டைப்’ என்பதற்கு எதிரே ‘பாஸ்வேர்ட்’ என்று இருக்கும். அதை இரட்டை கிளிக் செய்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி என்டர் தட்டினால் புள்ளிகள் எழுத்துகளாகும். பக்கத்தை ரீலோட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இரண்டாவது இடம் கிளிப்போர்டு. கடைசியாக நகலெடுத்தது அதுதான் என்றால், நோட்பேடைத் திறந்து ஒட்டிப் பாருங்கள். விண்டோஸில் கிளிப்போர்டு ஹிஸ்டரியை முன்பே இயக்கியிருந்தால், விண்டோஸ் விசையோடு ‘வி’ அழுத்தினால் முந்தைய நகல்களும் வரும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையின் கிளிப்போர்டு இயங்கிக்கொண்டிருந்தால் அது ஒரு மணி நேரம் வரை வைத்திருக்கும். கீபாஸ்எக்ஸ்சியிலிருந்து நகலெடுத்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அது 10 விநாடியில் கிளிப்போர்டைத் துடைத்துவிடும்.

மூன்றாவது இடத்தில்தான் பலருக்குக் கிடைக்கும்: மேனேஜரில் கடவுச்சொல்லை உருவாக்கித் தரும் ஜெனரேட்டரின் வரலாறு. பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனில் (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) ‘ஜெனரேட்டர்’ பகுதிக்குப் போய் ‘ஜெனரேட்டர் ஹிஸ்டரி’யைத் திறந்தால், சமீபத்தில் உருவாக்கிய கடவுச்சொற்கள் நேரத்தோடு வரிசையாக இருக்கும். எந்தக் கணினியில், எந்த உலாவியில் உருவாக்கினீர்களோ அங்கேதான் இந்தப் பட்டியல் இருக்கும். போனில் உருவாக்கியது கணினியில் தெரியாது. லாக்அவுட் செய்தால் பட்டியல் காலியாகிவிடும். லாக் மட்டும் செய்தால் அழியாது. மேனேஜரிலிருந்து வெளியேறாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெனரேட்டரில் வட்டமான அம்புக் குறியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று பிறக்கும். பட்டியலில் ஒரே நிமிடத்தில் நாலைந்து இருந்தால், நகலெடுத்தது எது என்று தெரியாது. தளத்தின் ‘கடவுச்சொல் மாற்றப்பட்டது’ மின்னஞ்சல் வந்த நேரத்தைப் பாருங்கள். அதற்குச் சற்று முன் பிறந்தவற்றில் கடைசியானதை முதலில் முயலுங்கள்.

எங்கும் கிடைக்கவில்லையென்றால் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ இணைப்புதான் வழி. அதை அழுத்துவதற்கு முன், திறந்திருக்கும் டேபில் கணக்கின் சுயவிவரப் பக்கத்துக்குப் போய், மீட்புக்கான மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்றும் உங்களிடம் இருப்பவைதானா என்று பாருங்கள். பழைய சிம் எண் அங்கே கிடந்தால், மாற்ற வாய்ப்பிருக்கும் இப்போதே மாற்றுங்கள்.

இது மறுபடி நேராதிருக்க: முதலில் மேனேஜரில் மாற்றுங்கள், பிறகு தளத்தில்

பெரும்பாலோர் செய்வது தலைகீழ். தளத்தில் மாற்றிவிட்டு, ‘அப்டேட் செய்யவா?’ என்று மேனேஜர் கேட்கும் என்று காத்திருக்கிறார்கள். அது கேட்காமல் போனால் புதிய கடவுச்சொல் எங்கும் பதிவாகவில்லை. வரிசையை மாற்றினால் இந்த ஆபத்தே இல்லை. மேனேஜரில் முதலில் மாற்றி, தளத்தில் அந்த மாற்றம் தோற்றுப்போனாலும், பழையது மேனேஜரின் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். ஒரு வரிசையில் தோல்வி என்றால் கடவுச்சொல் தொலைகிறது. மறு வரிசையில் தோல்வி என்றால் இரண்டு கிளிக்கில் பழையதுக்குத் திரும்பலாம்.

செய்யும் விதம் இது. பிட்வார்டனில் அந்தத் தளத்தின் பதிவைத் திறந்து ‘எடிட்’ கொடுங்கள். கடவுச்சொல் பெட்டியின் பக்கத்தில் உள்ள ஜெனரேட்டர் குறியைத் தட்டிப் புதியதை உருவாக்கிச் சேமியுங்கள். பழையது அதே பதிவின் ‘பாஸ்வேர்ட் ஹிஸ்டரி’யில் விழுந்திருக்கும், கடைசி ஐந்து வரை அங்கே நிற்கும். இப்போது தளத்தின் மாற்றும் பக்கத்துக்குப் போய், ‘தற்போதைய’ பெட்டிக்கு ஹிஸ்டரியிலிருந்து பழையதையும், ‘புதிய’ பெட்டிகள் இரண்டுக்கும் பதிவிலிருந்து புதியதையும் ஒட்டுங்கள்.

கீபாஸ்எக்ஸ்சியிலும் இதே வரிசைதான்: பதிவைத் திறந்து, பகடைக் குறியைத் தட்டி, ஓகே கொடுங்கள். பழைய நிலை முழுவதும் அந்தப் பதிவின் ‘ஹிஸ்டரி’ பகுதியில் இருக்கும். இயல்பமைப்பில் ஒரு பதிவுக்குப் பத்துப் பழைய நிலைகள் வரை வைத்துக்கொள்ளும். குரோமின் மேனேஜரில், பழையதைப் பதிவின் ‘நோட்’ பகுதியில் எழுதிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாம் சரியான பிறகு குறிப்பை அழித்துவிடலாம்.

மாற்றி முடித்ததும் உடனே ஒரு தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து (குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என், ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி) மேனேஜரிலிருந்தே நகலெடுத்து உள்நுழைந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன் தெரியவில்லை என்று பதற வேண்டாம்; தனிப்பட்ட சாளரத்தில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக இயங்காது, தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே இடத்தில்தான் உள்நுழையலாம் என்ற கட்டுப்பாடுள்ள வங்கித் தளங்களில் இந்தச் சோதனை முதல் டேபை வெளியேற்றிவிடும். அங்கே மட்டும், மீட்பு எண் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சோதியுங்கள்.

மாற்றும் பக்கத்தைக் கண்டுபிடிப்பதே சில தளங்களில் பெரிய தேடல். அதற்கென்று ஒரு பொது முகவரி வழக்கம் இருக்கிறது: தளத்தின் பெயருக்குப் பின் சாய்கோடு, புள்ளி, ‘வெல்-நோன்’, சாய்கோடு, ‘சேஞ்ச்-பாஸ்வேர்ட்’ என்று இடைவெளியில்லாமல் ஆங்கில எழுத்தில் தட்டினால், அதை ஏற்றுக்கொண்ட தளங்கள் நேராக மாற்றும் பக்கத்துக்குக் கொண்டுபோகும். குரோமும் சஃபாரியும் ‘சேஞ்ச் பாஸ்வேர்ட்’ பொத்தானுக்குப் பயன்படுத்துவது இந்த வழியைத்தான்.

புதியது மேனேஜரில் சரியாக இருக்கிறது, தளம் ‘தவறு’ என்கிறது

இதன் முதன்மைக் காரணம் நீளம். தளத்தின் மாற்றும் பெட்டி 20 எழுத்துதான் வாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 24 எழுத்தை ஒட்டினால் கடைசி நான்கும் சத்தமில்லாமல் வெட்டப்படும். உறுதிப்படுத்தும் பெட்டியிலும் அதே வெட்டு விழுவதால் இரண்டும் பொருந்திப்போகும், தளம் மகிழ்ச்சியாக ‘மாற்றப்பட்டது’ என்று சொல்லும். சர்வரில் இருப்பது 20 எழுத்து, மேனேஜரில் இருப்பது 24.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. பெட்டியின் ‘மேக்ஸ்லெங்த்’ வரம்பு, மனிதர் தட்டுவதையும் ஒட்டுவதையும்தான் கட்டுப்படுத்தும். நிரல் வழியாக நிரப்பப்படும் மதிப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது. மேனேஜர் தானாக நிரப்புவது நிரல் வழியாகத்தான். அதனால் மாற்றும்போது ஒட்டினீர்கள், வெட்டுப்பட்டது, உள்நுழையும்போது மேனேஜர் நிரப்பியது, முழுதாகப் போயிருக்கலாம்; அப்போது இரண்டும் பொருந்தாது. எனவே முதல் சோதனை: தானாக நிரப்ப விடாமல், கடவுச்சொல்லை நகலெடுத்து உள்நுழையும் பெட்டியில் கையால் ஒட்டுங்கள். இப்போது திறந்தால் நோய் இதுதான். திறக்கவில்லையென்றால் அந்தப் பெட்டியை ‘இன்ஸ்பெக்ட்’ செய்து ‘மேக்ஸ்லெங்த்’ எண்ணைப் பாருங்கள். மாற்றும் பக்கம் கைக்கெட்டினால் அங்கும் பாருங்கள். எந்த எண் சிறியதோ, அத்தனை எழுத்தை மட்டும் முன்னாலிருந்து எடுத்து முயலுங்கள். எண் எதுவும் தென்படாவிட்டால், தளத்தின் விதியில் ‘8 முதல் 16 வரை’ என்பதுபோல் எழுதியிருக்கும். அந்த மேல் வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் தலைகீழும் நடக்கும். மாற்றும் பெட்டி 24-ஐ முழுதாக வாங்கியிருக்கும், உள்நுழையும் பெட்டி 20-ல் வெட்டும். அப்போது எதை ஒட்டினாலும் திறக்காது. உள்நுழையும் பெட்டியை இன்ஸ்பெக்ட் செய்து ‘மேக்ஸ்லெங்த்’ எண்ணை 64 என்று மாற்றிவிட்டு ஒட்டுங்கள். உள்ளே போனதும் 20-க்குள் அடங்கும் புதிய ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் செயலியில் இதே வம்பு வரும்.

அடுத்த காரணம் குறியீடுகள். ஆம்பர்சண்ட், மேற்கோள் குறி, கோண அடைப்பு, சதவீதக் குறி, பிளஸ் ஆகியவற்றை இணையதளம் ஒரு விதமாகவும், அதே நிறுவனத்தின் போன் செயலி வேறு விதமாகவும் சர்வருக்கு அனுப்பும் பழைய அமைப்புகள் இன்றும் இருக்கின்றன. உலாவியில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குறியீடே இல்லாமல் எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து 16 இடத்துக்கு ஒன்று உருவாக்குங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் சேர்ந்து 62 குறிகள். 16 இடத்துக்குச் சுமார் 95 பிட் வலு. யாரும் ஊகித்து உடைக்க முடியாத அளவு அது. தளம் ஒரு குறியீடாவது வேண்டும் என்று அடம்பிடித்தால், கீழ்க்கோடு அல்லது இணைப்புக்குறி ஒன்றைக் கையால் சேருங்கள். அவை தொல்லை தருவது அரிது.

தமிழ் எழுத்துகளில் கடவுச்சொல் வைக்கும் ஆசை சிலருக்கு உண்டு. ஆசை நியாயமானதுதான், ஆனால் இன்றைய நிலையில் வேண்டாம். ‘கொ’ என்ற எழுத்தையே கணினி இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு இரண்டும் வேறு. எந்த விசைப்பலகை எதை அனுப்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தவிர, கடவுச்சொற்களைப் பாதுகாக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘கொ’ ஒன்றே 3 அல்ல, குறைந்தது 6 பைட்; அந்த வரம்பு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடமும் ஒரு காரணம். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த தற்காலிகக் கடவுச்சொல்லை நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்ந்துவரும். மேனேஜர் பதிவைத் திறந்து, கர்சரை எழுத்துகளின் இறுதிக்குக் கொண்டுபோய், அதற்கும் அப்பால் நகர்கிறதா என்று பாருங்கள்.

‘தற்போதைய கடவுச்சொல் தவறு’ என்று மாற்றும் பக்கத்திலேயே நிற்கிறது

மாற்றும் பக்கத்தில் மூன்று பெட்டிகள் இருக்கும். எது பழையதுக்கு, எது புதியதுக்கு என்று உலாவிக்கும் மேனேஜருக்கும் சொல்ல ‘ஆட்டோகம்ப்ளீட்’ என்ற குறிப்பைத் தளம் எழுதியிருக்க வேண்டும். ‘கரன்ட்-பாஸ்வேர்ட்’, ‘நியூ-பாஸ்வேர்ட்’ என்று இரண்டு தனிக் குறிப்புகள் அதற்கென்றே இருக்கின்றன. பல தளங்கள் எழுதுவதில்லை. அப்போது மேனேஜர் மூன்றிலும் பழையதையே நிரப்பும், அல்லது முதல் பெட்டியில் புதியதை நிரப்பும். எல்லாம் கறுப்புப் புள்ளி என்பதால் கண்ணுக்குத் தெரியாது.

தீர்வு எளிது: மாற்றும் பக்கத்தில் மட்டும் தானாக நிரப்புவதை நம்பாதீர்கள். மூன்று பெட்டிகளையும் முழுக்க அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். மேனேஜரில் முதலில் மாற்றியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இப்போது பதிவில் இருப்பது புதியது. மேனேஜர் ‘தற்போதைய’ பெட்டியில் அதைத்தான் போடும். பழையது ஹிஸ்டரியிலிருந்துதான் வர வேண்டும். கீபாஸ்எக்ஸ்சிக்காரர்கள் 10 விநாடி கணக்கை மறக்காதீர்கள். மூன்றாவது பெட்டிக்கு வரும்போது கிளிப்போர்டு காலியாகியிருந்தால் ‘இரண்டும் பொருந்தவில்லை’ என்று வரும். அமைப்புகளில் அதை 30 விநாடியாக்கலாம்.

சில வங்கித் தளங்களில் உள்நுழைய ஒரு கடவுச்சொல், சுயவிவரத்தை மாற்றவோ பணம் அனுப்பவோ இன்னொரு கடவுச்சொல். மேனேஜரில் ஒரே பதிவு வைத்திருந்தால் ஒன்று மற்றதன் மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டாவதைத் தனியான மறைபுலமாக அதே பதிவில் சேருங்கள். பிட்வார்டனில் ‘கஸ்டம் ஃபீல்டு’ சேர்த்து, வகையை ‘ஹிட்டன்’ என்று வைத்தால் போதும்.

‘அப்டேட் செய்யவா?’ என்று கேட்கவே மாட்டேன் என்கிறது

முதலில், சேமிக்கவா என்று கேட்டபோது எப்போதோ ஒருநாள் அந்தத் தளத்துக்கு ‘நெவர்’ அழுத்தியிருப்பீர்கள். பிட்வார்டன் அமைப்புகளில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் ‘எக்ஸ்க்ளூடட் டொமைன்ஸ்’ பட்டியலையும், அப்டேட் கேட்கும் விருப்பம் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். குரோமில் இது ‘டிக்ளைன்ட் சைட்ஸ்’ என்ற பெயரில் மேனேஜரின் அமைப்புகளில் இருக்கும். கீபாஸ்எக்ஸ்சியில், படிவத்தை அனுப்பும் அந்த நொடியில் தரவுத்தளம் பூட்டியிருந்தால் எதுவும் கேட்காது.

இரண்டு மேனேஜர்கள் ஒரே உலாவியில் இயங்கினால், குரோமின் பட்டை மேலே வந்து அதில் ‘அப்டேட்’ அழுத்தியிருப்பீர்கள். பிட்வார்டனில் பழையது அப்படியே இருக்கும். எதை நம்புகிறீர்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதில் ‘ஆஃபர் டு சேவ் பாஸ்வேர்ட்ஸ்’ என்பதை அணையுங்கள். ஆண்ட்ராய்டு அமைப்புகளிலும் ‘ஆட்டோஃபில் சர்வீஸ்’ எது என்று பாருங்கள். கணினியில் ஒன்று, போனில் வேறொன்று என்று இருப்பது குழப்பத்துக்கு நிச்சயமான வழி.

ஒரே தளத்துக்கு மூன்று பதிவுகள். அல்லது வேறு தளத்தின் பதிவு மாறிப்போனது

மேனேஜர் ஒரு பதிவை அடையாளம் காண்பது தள முகவரி, பயனர்பெயர் என்ற இரண்டை வைத்து. மின்னஞ்சல் வைத்துச் சேமித்திருக்கிறீர்கள், மாற்றும்போது கைபேசி எண் வைத்து உள்நுழைந்திருந்தீர்கள் என்றால், மேனேஜருக்கு அது வேறு ஆள். புதிய பதிவு ஒன்றைப் போட்டுவிடும். மூன்றையும் திறந்து கடைசியாக மாற்றிய தேதியைப் பாருங்கள், எது திறக்கிறது என்று சோதியுங்கள், மற்றவற்றை அழியுங்கள். பிட்வார்டனின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் அவசரமாக அழித்தாலும் மீட்கலாம்.

வேறு தளத்தின் பதிவு மாறிப்போவது தமிழ்நாட்டு அரசுத் தளங்களைப் பயன்படுத்துவோருக்குக் குறிப்பாக நேரக்கூடியது. பிட்வார்டன் இயல்பாக ‘பேஸ் டொமைன்’, அதாவது முகவரியின் அடிப்படைப் பகுதியைப் பார்த்துப் பொருத்தும். ‘ஜிஓவி.இன்’ என்பதைப் பொதுப் பின்னொட்டாக (பல தளங்கள் பகிரும் முகவரி முடிவு) கொள்வதால், ‘டிஎன்.ஜிஓவி.இன்’ என்பதே அதன் பார்வையில் ஒரு தளம். இ-சேவை, நிலப் பதிவேடு என்று அதன் கீழ் வரும் துணை முகவரிகள் எல்லாமே அதற்கு ஒரே வீடு. எல்லாவற்றுக்கும் ஒரே கைபேசி எண்ணைப் பயனர்பெயராக வைத்திருந்தால், ஒன்றில் மாற்றியதை இன்னொன்றின் மேல் எழுத முன்வரும். அந்தப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் முகவரிக்கு அருகிலுள்ள பற்சக்கரத்தைத் தட்டி, ‘மேட்ச் டிடெக்‌ஷன்’ என்பதை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள்; துணை முகவரியும் ஒத்தால்தான் அப்போது பொருத்தும். ஏற்கெனவே மேலெழுதிவிட்டால், பதிவின் பாஸ்வேர்ட் ஹிஸ்டரியில் பழையது இருக்கும்.

ஒட்டவே விடமாட்டேன் என்கிறது

ஒட்டுவதைத் தடுப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் சில தளங்களுக்கு இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் அமைப்பு 2017-ல் வெளியிட்ட 800-63பி வழிகாட்டியே ஒட்டுவதை அனுமதிக்கச் சொன்னது, குறைந்தது 64 எழுத்து வரை ஏற்கச் சொன்னது. தடுத்தால் மக்கள் தட்டுவதற்கு எளிதான பலவீனமான கடவுச்சொல்லுக்குத்தான் போவார்கள்.

மேனேஜரின் நிரப்பும் பொத்தானை முதலில் முயலுங்கள். ஒட்டுவதற்குப் போட்ட தடை அதைத் தொடாமல் விடுவது உண்டு. கீபாஸ்எக்ஸ்சியில் ‘ஆட்டோ-டைப்’ இருக்கிறது. பெட்டியில் கர்சரை வைத்துவிட்டு, கீபாஸ்எக்ஸ்சிக்கு வந்து பதிவின் மேல் வலது கிளிக் செய்து, ஆட்டோ-டைப் பட்டியலில் கடவுச்சொல்லை மட்டும் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகையில் தட்டியதுபோல் ஒவ்வோர் எழுத்தாக விழும். பொதுவான ஆட்டோ-டைப்பை அழுத்தினால் பயனர்பெயர், டேப், கடவுச்சொல், என்டர் என்று மொத்தமாக ஓடும். மாற்றும் பக்கத்தில் அது வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் ‘அபவுட்:கான்ஃபிக்’ போய் ‘கிளிப்போர்ட்ஈவென்ட்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் தேடி அந்த விருப்பத்தை ‘ஃபால்ஸ்’ ஆக்கினாலும் தடை விலகும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் இணையத்தில் இயங்கும் எழுதுமென்பொருள்களில் ஒட்டுவது கெட்டுப்போகும்.

யாராவது ஒரு நிரல் வரியைக் கொடுத்து ‘கன்சோலில் (உலாவியின் ‘இன்ஸ்பெக்ட்’ சாளரத்தில் நிரலை இயக்கும் இடம்) ஒட்டுங்கள், சரியாகிவிடும்’ என்றால் ஒட்டாதீர்கள். உள்நுழைந்த நிலையில் அங்கே ஒட்டும் எந்த வரியும் உங்கள் பெயரில் எதையும் செய்யும்.

திரையில் விசைப்பலகை காட்டி, எழுத்தெழுத்தாகக் கிளிக் செய்யச் சொல்லும் தளங்களுக்கு வேறு வழியில்லை. அங்கே சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட 14 எழுத்துக் கடவுச்சொல் உருவாக்கி, ஜெனரேட்டரில் ‘குழப்பும் எழுத்துகளைத் தவிர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண் ஒன்றா ‘எல்’ எழுத்தா, பூஜ்யமா ‘ஓ’ எழுத்தா என்று கண்ணைக் கசக்க வேண்டியதில்லை.

கணினியில் திறக்கிறது, போனில் பழையதே வருகிறது

பிட்வார்டனில் அமைப்புகளுக்குள் ‘சிங்க் நவ்’ அழுத்தினால் பெரும்பாலும் தீரும். தீரவில்லையென்றால் போனில் வேறு கணக்கிலோ, ஐரோப்பிய சர்வரில் தொடங்கிய வேறு பெட்டகத்திலோ இருக்கிறீர்களா என்று பாருங்கள். பதிவு புதியதாக இருந்தும் செயலிக்குள் பழையது நிரம்பினால், அந்தச் செயலிக்கென்று தனிப் பதிவு கிடக்கிறது. ‘ஆண்ட்ராய்டுஆப்’ என்று தொடங்கும் முகவரியை மேனேஜரில் தேடிக் கண்டுபிடித்து, அந்த முகவரியைச் சரியான பதிவில் சேர்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள்.

கீபாஸ்எக்ஸ்சி கடவுச்சொற்களைச் சேமிக்கும் கோப்பை டிராப்பாக்ஸ் அல்லது சிங்திங் வழியாகச் சாதனங்களுக்கிடையே பகிர்வோர், கோப்புறையில் ‘கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லோடு இன்னொரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். போனிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திறந்து இரண்டிலும் மாற்றினால் இப்படிப் பிரியும். பெரிய கோப்பை வைத்துக்கொண்டு சிறியதை அழிக்கும் தவறைச் செய்யாதீர்கள். இரண்டிலும் தனித்தனி மாற்றங்கள் இருக்கும். இரண்டையும் வேறிடத்தில் நகல் வைத்துவிட்டு, கணினியில் முதன்மைக் கோப்பைத் திறந்து, ‘டேட்டாபேஸ்’ மெனுவில் ‘மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்’ கொடுத்து மற்றதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எது பிந்தி மாற்றப்பட்டதோ அது மேலே வரும், முந்தையது ஹிஸ்டரிக்குப் போகும். பிந்தியது எது என்பதைச் சாதனத்தின் கடிகாரம்தான் சொல்கிறது. போனில் தேதி தவறாக இருந்தால் பழைய கடவுச்சொல் ஜெயித்துவிடும்.

மாற்றிய அரை மணியில் கணக்கு பூட்டிக்கொள்கிறது

கடவுச்சொல் சரி, நீங்களும் எதையும் தவறாகத் தட்டவில்லை; ஆனால் கணக்கு பூட்டிக்கொண்டே இருக்கிறது. அலுவலகக் கணக்குகளிலும் மின்னஞ்சலிலும் இது நடக்கும். பழைய கடவுச்சொல்லை மனதில் வைத்திருக்கும் ஏதோ ஒரு சாதனம் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. போனின் மெயில் செயலி, அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட், அலுவலக வைஃபை, விண்டோஸ் ‘கிரெடென்ஷியல் மேனேஜரில்’ சேமித்த நெட்வொர்க் டிரைவ், மின்னஞ்சலில் ஸ்கேன் அனுப்பும் பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றின் இணைப்பையும் அணைத்துவிட்டு, பூட்டு விலகும் வரை காத்திருந்து, ஒரே ஒரு கணினியில் உள்நுழையுங்கள். பிறகு ஒவ்வொரு சாதனமாக இயக்கி, இயக்கியதும் புதியதைக் கொடுங்கள். எதை இயக்கியதும் மறுபடி பூட்டுகிறதோ, அதுதான் குற்றவாளி.

கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால், பிரிண்டருக்கோ பழைய மெயில் செயலிக்கோ கொடுத்திருந்த 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்ட்’கள் அனைத்தும் ரத்தாகிவிடும். ஸ்கேன் நின்றுபோனதற்கு அதுவே காரணம். புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுங்கள்.

மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு பெட்டகமே திறக்கவில்லை

மாஸ்டர் பாஸ்வேர்ட் என்பது மேனேஜரையே திறக்கும் கடவுச்சொல். தளக் கடவுச்சொல்லுக்குச் சொன்ன எதுவும் இங்கே பொருந்தாது, ‘மறந்துவிட்டது’ இணைப்பும் காப்பாற்றாது. கேப்ஸ்லாக், விசைப்பலகை மொழி இரண்டையும் முதலில் பாருங்கள்; தமிழ்99-ல் நின்றுகொண்டு ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டுவது எளிதில் நடக்கும், புள்ளிகளில் தெரியாது. கைரேகையால் இன்னும் திறந்துகொண்டிருக்கும் போன் இருந்தால் அதை லாக்அவுட் செய்யாமல், உடனே ‘எக்ஸ்போர்ட்’ முயலுங்கள். அதற்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்டால், முக்கியமான பதிவுகளை, மின்னஞ்சல் கணக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிட்வார்டனில் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றும்போது, பெட்டகத் தரவைப் பூட்டும் குறியாக்கச் சாவியையும் சுழற்றவா, அதாவது புதிதாக மாற்றவா என்று ஒரு பெட்டி கேட்கும். தேவை இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்ந்தெடுப்பதாக இருந்தால், அதற்கு முன் மற்ற எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் செய்துவிடுங்கள். பழைய சாவியோடு திறந்திருக்கும் ஒரு சாதனத்தில் ஏதாவது சேமித்தால் அந்தப் பதிவு சிதைந்துபோகக்கூடும்.